குச்சி நட்ட அம்மாவுக்கு

நாங்கள் மூன்று பேரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். தங்கையின் கணுக்கால் வீக்கம் வடிகிறது. அன்று கடலோரம் நடக்கப் போய், ஏறி வந்த தண்ணீரில் மாட்டிக்கொண்டதை மறுபடி விரிவாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். தப்பு என்னுடையது. கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையில் மறுநாளுக்கான வரியைப் படித்துவிட்டேன். கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அந்த 50 நிமிடம்தான் எங்களை இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே மாட்டிவிட்டது. போதாக்குறைக்கு, குட்டைகளில் நட்சத்திர மீன் தேடிக்கொண்டு வேறு நின்றோம்.

முதலில் எங்களைப் பார்த்துத் தகவல் சொன்ன இளைஞர்கள், கயிறோடு வந்த மீட்புக் குழுவினர், தங்கையைத் தூக்கிச் சென்ற நால்வர், கட்டுப் போட்டுவிட்ட மருத்துவர், இரவு முழுக்க அழைத்து விசாரித்த நண்பர்கள் எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகச் சொல்ல வேண்டும், சொல்வேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக உங்களுக்குத்தான், அம்மா. மேட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தவர் நீங்கள். அந்தச் சரிவில் இறங்கி வர உங்களுக்கு எந்த அவசியமும் இல்லை. வந்ததும் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. கரை ஒதுங்கிய குச்சி ஒன்றை எடுத்து, தண்ணீரின் விளிம்பில் நட்டீர்கள். நடுங்கிக்கொண்டிருந்த என் மகனிடம், "கடலைப் பார்க்காதே ராஜா, குச்சியை மட்டும் பார்த்துக்கொள்" என்றீர்கள்.

அது மூழ்கியதும் மேலே இன்னொன்று. ஏற்றம் முதலில் மெதுவாக வரும், நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் மொத்தத்தில் பாதி ஏறிவிடும், அப்புறம் மறுபடி தளரும் என்று கதை போலச் சொன்னீர்கள். பாறையில் கொட்டலசு, அதுதான் கடல்நீர் படும் இடத்தில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர், ஒட்டியிருந்த உயரத்தைக் காட்டினீர்கள். "தண்ணீருக்குப் பழக்கமான இடம் அதுவரைதான். நாம் இருப்பது புல் முளைத்த இடம்." அவனுக்காகச் சொன்னீர்கள், மூச்சு வந்தது எனக்கு.

மூன்றாவது குச்சியும் போனது. நான்காவதை அவனே நட்டான். அலைகளை எண்ணத் தொடங்கி, எத்தனையோ முறை எண்ணிக்கையைத் தவறவிட்டு, திடீரென்று கத்தினான்: "பாட்டி, குச்சி நனையல!" தங்கை அழுதாள். நான் திரும்பிப் பாறையைப் பார்த்துக்கொண்டேன்.

அதன் பிறகும் நீங்கள் கிளம்பவில்லை. தண்ணீர் முனையை விட்டு இறங்கும்வரை, எங்களுக்கு வழி திறக்கும்வரை, கூடவே உட்கார்ந்திருந்தீர்கள். என்ன பேசினோம் என்று சரியாக நினைவில்லை. பேசாமல் இருந்த நேரம்தான் அதிகம்.

இனிமேல் கடலோரம் நடக்கப் போனால் அட்டவணையை இன்னொருவரிடம் கொடுத்துத் தேதியோடு சேர்த்துப் படிக்கச் சொல்வேன். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்புவேன். திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். நட்சத்திர மீன் காத்திருக்கட்டும்.

களேபரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மன்னியுங்கள். நான்காவது குச்சி மகனின் மேசையில் இருக்கிறது. அது பாட்டியுடையது, வந்தால் கொடுக்க வேண்டும் என்று யாரையும் தொட விடுவதில்லை.