14 வயதுப் பிள்ளைகளிடம் போன உலகச் சாம்பியன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். "ஃபுட்பால்ல ஸ்டேட் டீமுக்கு ஆடினவ, இப்ப ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கோச்சா கோன் அடுக்கிட்டு நிக்கிறேன்பா" என்று போனில் சொன்னாய். அதற்கு நான் சொல்ல நினைப்பது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

நீ ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பெயின் ஆட்டக்காரர் சாபி அலோன்ஸோவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஊரே கோல் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பந்து தன்னிடம் வருவதற்குள் அந்த மனுஷன் இரண்டு தோள் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொள்வதை எனக்குக் காட்டித் தந்தவளே நீதான். அதற்கப்புறம் நான் எந்த மேட்ச் பார்த்தாலும் நடுவில் ஆடுகிறவர்கள் மேல்தான் கண் போகிறது.

அவர் கையில் என்ன இல்லை? 2010 உலகக் கோப்பை, 2008இலும் 2012இலும் ஐரோப்பியக் கோப்பை, லிவர்பூலோடு 2005 சாம்பியன்ஸ் லீக், ரியல் மாட்ரிட்டோடு 2014இல் இன்னொன்று, பயர்ன் மியூனிக்கில் மூன்று லீக் பட்டங்கள். 2017இல் ஆட்டத்தை நிறுத்தினார். இவ்வளவு வைத்திருக்கிறவர் 2018இல் கோச்சாக எங்கே போய் நின்றார் தெரியுமா? ரியல் மாட்ரிட்டின் 14 வயதுக்குட்பட்ட பையன்களிடம். நீ இப்போது நிற்கிற அதே வயதுப் பிள்ளைகளிடம்தான், பாப்பா.

இத்தனைக்கும் அவர் பார்க்காத கோச் இல்லை. ரியல் சொசியெடாடில் 20 வயதை ஒட்டியே அவரை கேப்டனாக்கிய டோஷாக், லிவர்பூலில் பெனிட்டெஸ், மாட்ரிட்டில் மொரின்யோ, அன்செலோட்டி, மியூனிக்கில் குவார்டியோலா, நாட்டு அணியில் அரகோனெஸ், டெல் போஸ்கே. வீட்டிலேயே அப்பா பெரிகோ அலோன்ஸோ, லீக் பட்டம் வென்ற மிட்ஃபீல்டர். இவர்களிடமெல்லாம் கற்றதை ஒரு பெரிய அணியிடம் நேராகக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம். ஆனால் தான் களத்தில் யோசிக்காமலே செய்த ஒன்றை, அது தெரியாத ஒரு பையனுக்குப் புரியும்படி சொல்வது வேறு வேலை. அதைச் சின்னப் பிள்ளைகளிடம்தான் பழக முடியும். பெரிய ஆட்டக்காரன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். 13 வயதுப் பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

அங்கிருந்து 2019இல் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி, ரியல் சொசியெடாடின் இரண்டாவது அணியை எடுத்தார். மூன்று வருஷம் அங்கேயே இருந்தார். 2021இல் அந்த அணியை ஸ்பெயின் லீக்கின் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றினார். கிட்டத்தட்ட 60 வருஷமாக அந்தப் பிரிவைப் பார்க்காத அணி அது. அடுத்த வருஷமே திரும்பக் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கோ அவர் கதையில் மறக்க முடியாத இடம் அதுதான். அதே 2022 அக்டோபரில், கீழே இறங்கிய அணியின் அந்தக் கோச்சைத்தான் ஜெர்மனியின் லெவர்குசென் கூப்பிட்டது. 18 அணிகளில் 17ஆவது இடத்தில் கிடந்தது அந்த கிளப். 1904இல் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட லீக் பட்டம் வென்றதில்லை. ஐந்து தடவை இரண்டாவதாக வந்து நின்றதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். 2023-24இல் 34 லீக் ஆட்டம், 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே கிடையாது. தொடர்ந்து 11 வருஷம் பட்டத்தை விடாமல் வைத்திருந்த பயர்னிடமிருந்து அதை வாங்கினார்கள். கூடுதல் நேரத்தில் அத்தனை கோல் போட்டதை நிறைய பேர் அதிர்ஷ்டம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரம் முடியப்போகிறது என்று பந்தைத் தூக்கி அடிக்காமல், 10ஆவது நிமிஷத்தில் ஆடிய மாதிரியே 95ஆவது நிமிஷத்திலும் பாஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிதானம் ஒரு மிட்ஃபீல்டரிடமிருந்து ஓர் அணிக்கே ஒட்டிக்கொண்டது.

2024 மே 22ஆம் தேதி டப்ளினில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் ஃபைனலில் இத்தாலியின் அட்டலாண்டாவிடம் 0-3 என்று தோற்றார்கள். அந்த சீசன் முழுக்க அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம் அது. மூன்றே நாளில் பெர்லினில் ஜெர்மன் கோப்பை ஃபைனல். ஒருவர் சிவப்பு அட்டை வாங்கிப் போக, இரண்டாம் பாதி முழுக்க பத்துப் பேரோடு ஆடி 1-0 என்று ஜெயித்தார்கள். லீக் பட்டத்தைவிட அந்த மூன்று நாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தோற்றவர்களை அதற்குள் எழுப்பி நிற்கவைக்க, அந்த அணி அவரை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

அந்த சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே லிவர்பூலுக்கும் பயர்னுக்கும் புதுக் கோச் தேவைப்பட்டது. இரண்டுமே அவர் ஆடிய கிளப்புகள், எல்லோரும் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். மார்ச் மாதமே, லெவர்குசெனில்தான் இருக்கப்போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு ரியல் மாட்ரிட்டுக்குக் கோச்சாகப் போனதெல்லாம் வேறு கதை.

உன்னை ஒரு சீனியர் டீமுக்கு அசிஸ்டென்ட்டாகக் கூப்பிடுகிறார்கள் என்றாய். போகாதே என்று நான் தடுக்க மாட்டேன். ஆனால் என் மனசில் இருப்பதைக் கேட்டால், இந்த சீசன் முடிகிறவரை இந்தப் பிள்ளைகளோடு இரு என்பேன். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பது ஒரு திறமை இல்லை, வேறு வழி இல்லாதபோது செய்கிற கடைசி வேலை என்று அலோன்ஸோ ஒரு பேட்டியில் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? லிவர்பூல் பையன்கள் தங்களுடைய பலமாக டேக்கிளைச் சொன்னது அவருக்குப் புரியவே இல்லையாம். உன் பிள்ளைகளும் முட்டி சிராய்த்து வந்தால்தான் நன்றாக ஆடியதாக நினைக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அதை மாற்ற உன்னைவிட்டால் அந்த ஸ்கூலில் யார் இருக்கிறார்கள்? பந்து வாங்கும் முன்னால் திரும்பிப் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவள் இப்போது எப்படி ஆடுகிறாள்? அடுத்த மேட்ச் வீடியோ எடுத்தால் எனக்கு அனுப்பு.

கோச்சுக்கான டி லைசன்ஸ் முடித்துவிட்டாய். சி லைசன்ஸுக்கு எப்போது பதியணும், எவ்வளவு கட்டணும் என்று விசாரித்துச் சொல். அம்மாவின் சீட்டுப் பணம் அடுத்த மாதம் வருகிறது. அதை இதற்கே வைத்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று காலையில் வெறும் டீயோடு கிரவுண்டுக்குப் போகாதே.

அன்புடன்,
அப்பா