பாலிசியில ரெண்டு தேதி இருக்கு மக்களே

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுகேன்.

நாங்க சுகம். அம்மைக்கு முட்டுவலி அப்படியேதான். மட்டி வாழைக்குலை வெட்டியாச்சு, தின்ன ஆளில்லை.

எப்பம் கூப்பிட்டாலும் கார் சர்வீசுக்குப் போயிருக்குன்னே சொல்லுகே. சர்வீஸ் ஒரு நாள் சோலி. நான் ஒண்ணும் கேக்கலை.

பீரோவில பத்திரம் தேடினப்பம் உன் கார் பாலிசி நகல் கிடைச்சுது. 2023 ஆவணியில நாகர்கோவில்ல வண்டி எடுத்தப்பம் தந்தியே, அது. மூணு வருசத்துக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு நீ சொன்னது பாதிதான் சரி. அதுல ரெண்டு தேதி போட்டிருக்கு. நாம இடிச்சு அடுத்தவனுக்கு வாற நஷ்டத்துக்கு 2026 வரை. நம்ம வண்டிக்கு வாற சேதத்துக்கு ஒரு வருசம்தான், 2024 ஆவணியோட தீர்ந்துபோச்சு. புது வண்டிக்குப் பொதுவா ரெண்டையும் சேர்த்துக் குடுக்கானுவ, பிறகு ஓன் டேமேஜை, அதான் நம்ம வண்டி சேதத்துக்குள்ளதை, நாமதான் வருசாவருசம் புதுப்பிக்கணும். புதுப்பிச்சியா? புதுப்பிச்சிருப்பே. இருந்தாலும் தேதியைப் பாரு.

புதுப்பிச்சிருந்தாலும் முழுசும் தருவான்னு நினைக்காதே. வடக்குவீட்டுப் பையன் தோவாளைக்கிட்ட ஒரு மதில்ல கொண்டு இடிச்சான். பம்பர் பிளாஸ்டிக், அதனால பாதி விலைதான் குடுத்தானுவ. டயர், பாட்டரின்னாலும் பாதிதான். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. தகரத்துக்கு வண்டியோட வயசுக்கேத்த மாதிரி கழிப்பு. அது போக சின்ன வண்டிக்கு 1000 ரூபா நம்ம கையில இருந்து. கூடக் காசு கட்டினா தேய்மானம் கழிக்காத பாலிசி உண்டு, அவன் அதை எடுக்கலை. சேதத்தை மதிப்பு போட கம்பெனி அனுப்புற சர்வேயர் வாறதுக்கு முன்னாடியே ஒர்க்‌ஷாப்பில பிரிச்சுப் போட்டதால அதுக்கு வேற தகராறு. கடைசியில நோ கிளெய்ம் போனசும், அதான் கிளெய்ம் கேக்காதவனுக்கு பிரீமியத்தில தாற தள்ளுபடியும் போச்சு. அவசரக்காரன்.

தகரம் போனாப் போகட்டும். மனுசன் மேல பட்டா அது வேற. பொதுவாச் சொல்லுகேன். அடிபட்டவனை ஆஸ்பத்திரியில சேக்கணும், 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் குடுக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு. குழித்துறை கோர்ட்டில 30 வருசம் வக்கீல் குமாஸ்தாவா ஆக்சிடென்ட் கேஸ் கட்டு சுமந்தவன் சொல்லுகேன், கேட்டுக்கோ. அந்த 2026 தேதி இதுக்குத்தான் இருக்கு. உயிருக்கும் காயத்துக்கும் டிரிபியூனல், அதான் விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட், விதிக்கிற தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவன் வண்டி, மதிலுக்கு ஏழரை லட்சம் வரை. லைசென்ஸ் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. குடிச்சிட்டு ஓட்டினா நம்ம வண்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. நீ குடிக்க மாட்டே.

கையில காசைக் குடுத்து ரோட்டிலயே பேசி முடிச்சாச்சுன்னு மட்டும் இருந்துராதே. பிறகு கோர்ட் நோட்டீஸ் வாறப்பம், எங்களுக்கு ஏன் சொல்லலைன்னு கம்பெனிக்காரன் கேப்பான். பெரியப்பா அந்த லாரிக் காரியத்தை மறைச்சு வச்சு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்.

நம்ம வீட்டில முதல் கார் எடுத்தவன் நீதான். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில்ல நிறுத்தி எலுமிச்சம்பழத்துல டயரை ஏத்தினப்பம் நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னேன், கண்ணு நிறைஞ்சுட்டு. அப்படிப்பட்டவன் அத்தான்கிட்ட சொல்லுகே, எங்கிட்ட சொல்லாண்டாமா? அவரு முழுசா ஒண்ணும் சொல்லலை. "மாமா, இப்பம் அவனை ஒண்ணும் கேக்காதீங்க"ன்னாரு. அதுக்குப் பிறகு உறக்கம் எங்க வருது?

மறுபடியும் சொல்லுகேன், ரெண்டு தேதியையும் பாரு. பாலிசியோட முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்சப்பில அனுப்பு. போலீஸ்ல ஏதாவது எழுதிக் குடுத்திருந்தா அதையும் சேர்த்து அனுப்பு. விளக்கம் ஒண்ணும் வேண்டாம், பாத்தா எனக்கே புரியும். சீட்டு விழுந்த பணம் பேங்கில கிடக்கு. அம்மைக்கு இந்தக் கடுதாசி தெரியாது.

அப்பா