செய்து பழக ஓர் அறை வேண்டும்: நம் பள்ளிக்காக ஒரு வேண்டுகோள்

ஊர் மக்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் அன்பு வணக்கம்.

நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலில் மின்னோட்டவியல் படிக்கிறார்கள். ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மெயினை அணைத்துவிட்டு பியூஸ் கம்பி மாற்றிப் பார்த்தவர்கள் வகுப்பில் ஓரிருவர்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நம் பகுதியில் எத்தனை கம்பங்கள் சாய்ந்தன, எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரே இருட்டாக இருந்தாலும் அறுந்து கிடக்கும் கம்பியை நம்பக்கூடாது. யாரோ ஒருவர் வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் அதில் கரண்ட் திரும்பி வரும். கடலோரத்தில் வாழும் பிள்ளைக்கு இது பரீட்சைக்கு வரும் கேள்வியைவிட முக்கியமானது என்று நாங்கள் நினைக்கிறோம்.

அதனால், பூட்டிக் கிடக்கும் பழைய வகுப்பறையைச் சரிசெய்து, ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் வாரம் ஒரு பாடவேளை கையால் செய்து பழகும் அறையாக மாற்றப் போகிறோம். தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் முழு மனதோடு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முன்னோட்டமாகச் சில வகுப்புகள் நடத்தினோம். ஒரு நாள் காலி கேஸ் சிலிண்டரை நடுவில் வைத்து, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்பக்கத்தைப் பார்க்கச் சொன்னோம். அங்கே ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி டி வரை. டி-27 என்றிருந்தால் அந்த சிலிண்டரை 2027 டிசம்பருக்குள் மறுசோதனை செய்தாக வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும், எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்ய வேண்டும். அன்று சாயங்காலமே பிள்ளைகள் வீட்டு சிலிண்டரைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் அம்மாக்கள் சிலர் பள்ளிக்கு வந்து, எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

பாம்புக்கடி இன்னொன்று. வயலில் கடிபட்டால் கயிற்றை இறுக்கிக் கட்டுவதும் கடிவாயைக் கீறுவதும் நம் பக்கம் இன்னும் நிற்கவில்லை. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போய்விடலாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தூக்கிப் பழகினால்தான் அந்த நேரத்தில் கை நடுங்காது.

வங்கிச் சலான் நிரப்புவது, மருந்து அட்டையில் காலாவதித் தேதி பார்ப்பது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, சோறு குழம்பு வைப்பது, பட்டன் தைப்பது எல்லாமே உண்டு. போனில் நமக்குப் பணம் வர ரகசிய எண் (PIN) தேவையே இல்லை, கேட்டால் அது மோசடி, பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லித் தருவோம். தையலும் சமையலும் பையன்களுக்கும் உண்டு, டெஸ்டரும் ஸ்பேனரும் பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. இதில் குழு உறுதியாக இருக்கிறது.

பெற்றோர் சிலர் கரண்ட் விஷயத்தில் பயந்தார்கள். நியாயம்தான். பிள்ளைகள் கை வைக்கும் பயிற்சிப் பலகை 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடும். வீட்டு மின்சாரத்தில் அவர்கள் கை வைக்க மாட்டார்கள்.

சரி, செலவு. கூரை ஓடுகளை மாற்றி வெள்ளையடித்து வயரிங் செய்ய 60,000 ரூபாய், வேலை மேசைகளுக்கு 45,000, பயிற்சிப் பலகைக்கும் கருவிகளுக்கும் 35,000, நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியைப் பழக இரண்டு பொம்மைகளுக்கு 30,000, ஒரு வருடத்துக்கான சில்லறைப் பொருள்களுக்கு 15,000. ஆக மொத்தம் 1,85,000 ரூபாய். ஊருக்குள் 52,000 சேர்ந்துவிட்டது. மீதி 1,33,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கணக்கு விவரத்தைப் பள்ளி அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். தனி ஆள் யார் போனுக்கும் அனுப்ப வேண்டாம். வரவு செலவை மாதாமாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

பணம் தர முடியாதவர்கள் ஓடாத சைக்கிள், பழைய தையல் மெஷின், ஸ்விட்ச் போர்டு எதுவானாலும் கொடுக்கலாம். அப்புறம், ஊரில் இருக்கும் எலக்ட்ரீசியன், நர்ஸ், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், நன்றாகச் சமைக்கும் அக்காக்கள் மாதம் ஒரு மணி நேரம் வந்து சொல்லிக்கொடுத்தால் அது எங்களுக்குப் பணத்தைவிடப் பெரிய உதவி. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வேலை நாள்களில் மாலை நான்கு மணிக்கு மேல் பள்ளிக்கு வாருங்கள். குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் இருப்போம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு