கொழுந்தனார் கையெழுத்து எதற்குங்க?

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

கருக்கலைப்புச் சட்டம் பற்றிப் போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சட்டத்தைத் தளர்த்திவிட்டதால் பெண்கள் இஷ்டத்துக்குக் கலைத்துக்கொள்கிறார்களாம், அமெரிக்காவே கட்டுப்பாடு போட்ட பிறகு நமக்கு எதற்கு இந்தத் தாராளம் என்கிறார். அமெரிக்கா கதை வேறு. அங்கே 1973இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமையை 2022 ஜூனில் அதே நீதிமன்றம் எடுத்துவிட்டது, இப்போது மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம். இங்கே 1971இலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டாகிவிட்டது. அது கிடக்கட்டும், கொங்குப் பக்கம் குடியிருந்துகொண்டு 'பெண்கள் இஷ்டத்துக்கு' என்று எழுத எப்படி மனசு வந்ததோ.

நான் பள்ளிபாளையத்துக்காரி. எங்கள் வீதியில் தறிப்பட்டறையில் தார் சுற்றுகிற ஒரு பெண், இரண்டு குழந்தைகள். வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடப் போனவர், சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்ப மாசக்கணக்கில் ஆகும். நாள் தள்ளிப்போனதும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள், நானும் துணைக்குப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஏழு வாரம்தான், மாத்திரையே போதும் என்றார். வினை கவுண்டரில் இருந்தது. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா கண்ணு, கையெழுத்து வேணும்." ஊரில் இல்லீங்க என்றால், வீடியோ காலில் காட்டு. அவர் நிற்கிற காட்டில் டவர் கிடைத்தால்தானே. அப்புறம் "வீட்ல வேற ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டு, கொழுந்தனை வரவழைத்து, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மாத்திரை கொடுத்தார்கள். காலேஜ் படிக்கிற பையன். அண்ணி முகத்தைப் பார்க்க முடியாமல், கையிலேயே பேனாவை வைத்துக்கொண்டு சட்டைப் பையில் தேடிக்கொண்டு நின்றான். சாயங்காலத்துக்குள் வீதிக்கே சேதி போய்விட்டது.

சட்டம் கேட்பது ஒரே கையெழுத்து. 18 வயது நிரம்பிய பெண் 'சி' என்கிற சம்மதப் படிவத்தில் தானே கையெழுத்துப் போட்டால் போதும், கணவன், மாமியார், கொழுந்தன் யாருக்கும் அதில் இடமே கிடையாது. வயது குறைவு, மனநலப் பாதிப்பு என்றால்தான் காப்பாளர் சம்மதம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்துப் போதும், பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்பமாக இருக்கும்போது கணவனை இழந்தவர்கள் போன்றவர்களுக்கு இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை. கல்யாணம் ஆகாதவர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்ணின் விவரத்தை வெளியே விட்டால் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை. எங்கள் வீதிக்குச் சேதி எப்படிப் போயிற்று என்று யாரிடம் கேட்பது?

ஆஸ்பத்திரிக்காரர்கள் பயம் புரியாமல் இல்லை. கருவைக் கலைப்பது இன்றைக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 88ஆம் பிரிவில் குற்றம்தான், தானே கலைத்துக்கொள்கிற பெண்ணும் அதில் அடக்கம். 1971 சட்டம் அதற்கு ஒரு விலக்கு, அவ்வளவே. முடிவும் டாக்டர் கருத்தில்தான் நிற்கிறது, பெண் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் சட்டப்படி ஆகாது. நாளைக்குப் புருஷன் வந்து சண்டை போட்டால் காட்ட ஒரு தாள் வேண்டுமென்று வாங்கி வைக்கிறார்கள். சரி, அந்தத் தாளுக்காக அவள் எத்தனை பேர் முன்னால் நிற்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கம் கருக்கலைப்பை யார் எதிர்த்தார்கள்? தோட்டம் துண்டாகிவிடும், ஒத்தைப் பிள்ளை போதும் என்று மாமனார் மாமியார் முடிவு பண்ணி மருமகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போன வீடுகள் ஒன்றா இரண்டா. பொட்டப்பிள்ளை வேண்டாமென்று செய்த கொடுமைக்காகத்தானே சேலத்தில் 1992இல், வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடுங்கள் என்று தொட்டில் வைத்தார்கள், 1994இல் ஆணா பெண்ணா என்று பார்க்கத் தடைச் சட்டம் வந்தது. அப்போதெல்லாம் பேசாத கலாச்சாரத்தை, அவளே வாயைத் திறந்து 'இப்ப எனக்கு வேண்டாம்' என்று சொன்ன பிறகு பேசுகிறார்கள். வேண்டும் என்று சொன்னாலும் இதே கதைதான், கலைக்கச் சொல்லி அடி வாங்கினவளும் எங்கள் வீதியில் இருக்கிறாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே வேறு கணக்கு. "கலைக்கணும்னா அப்படியே ஆபரேஷனும் பண்ணிக்க, இல்லாட்டி காப்பர் டி போட்டுக்க" என்று நர்ஸம்மா சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு நிபந்தனை எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆம்பளைகளுக்கான கருத்தடை ஆபரேஷன் இதைவிடச் சின்னது, ஆனால் தமிழ்நாட்டில் அதைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேற மாட்டார்கள். ஆற்றைத் தாண்டினால் ஈரோடு. அந்த ஊர்க்காரர் பெரியார், மற்றவர்களெல்லாம் தாயின் உடம்புக்காக, குடும்பக் கஷ்டத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, பெண் விடுதலையாவதற்காக வேண்டும் என்று சொன்னவர். அவர் சிலைக்கு மாலை போடுகிற கட்சிக்காரர்கள் யாராவது இந்தக் கவுண்டர் பக்கம் வந்து பார்க்கலாம்.

கலெக்டர்களும் சுகாதாரத் துறையும் ஒரு சின்ன வேலை செய்தால் போதும். 'ஆணா பெண்ணா என்று இங்கே கண்டறிவதில்லை' என்று ஸ்கேன் சென்டர் தோறும் போர்டு மாட்ட வைத்திருக்கிறீர்களே, அதன் பக்கத்திலேயே 'கருக்கலைப்புக்கு 18 வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும்' என்று இன்னொன்றை, தமிழில், கொட்டை எழுத்தில், பணம் கட்டுகிற கவுண்டருக்கு நேர் மேலே மாட்டச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
பள்ளிபாளையம்