செயலாளரின் ஆண்டறிக்கை: காரைக்குடி வட்டார லாரி ஓட்டுநர்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சக நிர்வாகிகளே, கம்பெனி வண்டிகளை ஓட்டும் உறுப்பினர்களே, இன்று குடும்பத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் சங்கம் செய்தவற்றையும் செய்ய முடியாமல் நிற்பவற்றையும் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால், நம் தொழிலைப் பற்றி மட்டும் இந்த அறிக்கையில் பேசுகிறேன்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு பல பிரச்சினைகளைக் கையில் எடுத்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தெளிவாகிக்கொண்டே வந்தது. லோடு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் ஓட்டுநர் காத்துக் கிடக்கும் நேரம் யார் கணக்கிலும் வேலை நேரமாக எழுதப்படுவதில்லை. வண்டி ஓடிய கிலோமீட்டருக்குக் கணக்கு இருக்கிறது, குடித்த டீசலுக்குக் கணக்கு இருக்கிறது, சுங்கச்சாவடியில் பாஸ்டேக்கில் கழிந்த பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. நின்ற நேரத்துக்கு மட்டும் கணக்கு இல்லை.

நம் வட்டாரத்து லோடுகளை எடுத்துக்கொண்டாலே இது புரியும். புதுவயல் அரிசி ஆலைகளில் சிப்பம், அதாவது அரிசி மூட்டை, ஏற்றச் செல்லும் வண்டி காலையில் வரிசையில் நின்றால், பல நாட்களில் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் முறை வருகிறது. அதுவரை ஓட்டுநர் படுத்துத் தூங்க முடியாது. முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் இவரும் நகர்த்த வேண்டும், நகர்த்தாவிட்டால் பின்னால் வந்தவர் முந்திக்கொள்வார். டீசல் டேங்கையும் ஸ்டெப்னியையும் தார்ப்பாயையும் காவல் காக்க வேண்டும். ஏற்றுகூலி பேச வேண்டும். லோடு ஏறியதும் எடை மேடைக்குப் போய்ச் சீட்டு வாங்கி, பில் போடும் வரை அலுவலக வாசலில் நின்று, பிறகு தார்ப்பாயை விரித்துக் கயிறு கட்ட வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கட்டு ஒரு முழம் தளர்ந்தாலும் சிப்பம் நனையும். நனைந்த சிப்பத்தின் விலை யாருடைய பேட்டாவில் கழிக்கப்படும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஏற்றுவது இன்னும் பொறுமை கேட்கும் வேலை. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையாலேயே செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. ஒரு மூலை சிதைந்தால் அந்தக் கல் கழிவுக்குத்தான் போகும். ஆகவே கற்களை முகத்தோடு முகம் சேர்த்து விளிம்பில் நிறுத்தி, வரிசைக்கு வரிசை வைக்கோல் திணித்து ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டு ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. ஆனால் அந்த அரை நாள் முழுவதும் ஓட்டுநர் பக்கத்திலேயே நின்று எண்ணிக்கை பார்த்துக்கொண்டும், உடைந்த கல்லைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார் என்பதையும், அன்று இரவே அவர் கொச்சிக்கோ சென்னைக்கோ புறப்பட்டாக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தைலமரம் ஏற்றிக்கொண்டு புகளூர் காகித ஆலைக்குப் போகிறவர்களுக்கும், அரியலூரில் சிமெண்டுக்கும் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்குமதிச் சரக்குக்கும் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் இதே நிலைதான். சரக்கு மாறுகிறதே தவிர வரிசை மாறுவதில்லை.

இந்த ஆண்டு நாம் இழந்த மூத்த உறுப்பினர் ஒருவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். குடும்பத்தின் விருப்பப்படி அவர் பெயரைச் சொல்லவில்லை. வெளியூர் ஒன்றில் சரக்கு இறக்கும் முறைக்காக வரிசையில் நின்ற வண்டியின் கேபினிலேயே அவர் உயிர் பிரிந்தது. முந்தின இரவு முழுவதும் ஓட்டி வந்தவர், மறுநாள் பகல் முழுவதும் வெயிலில் நின்ற வண்டிக்குள் முறைக்காகக் காத்திருந்தவர். மாலையில் முன் வண்டி நகர்ந்தும் இவர் வண்டி நகராததைப் பார்த்துப் பின்னால் இருந்த ஓட்டுநர் வந்து கதவைத் தட்டிய பிறகே விஷயம் தெரிந்தது. அவருடைய துணைவியார் இழப்பீடு கேட்டபோது, வண்டி ஓடாத நேரத்தில் நேர்ந்த மரணம் வேலையில் நேர்ந்த மரணம் ஆகாது என்று நிறுவனத் தரப்பில் பதில் வந்தது.

அந்தப் பதிலைச் சங்கம் ஏற்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட விபத்தா என்பதுதான் கேள்வியே தவிர, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்பது கேள்வி அன்று. வரிசையில் நின்ற அந்த மனிதர் தன் சொந்த வேலையாக அங்கே நிற்கவில்லை. முதலாளியின் வண்டியோடும், சரக்குக்காரரின் சரக்கோடும், அவர்கள் இருவருடைய தேவைக்காகவும் நின்றார். உடல் அசதியும் உறக்கமின்மையும் அந்த வேலையிலிருந்தே வந்தவை. இந்த அடிப்படையில் வழக்கறிஞர் மூலம் மனு தாக்கல் செய்யப்பட்டு விசாரணை நிலுவையில் இருக்கிறது. பயணச் சீட்டுகள், எடை மேடைச் சீட்டு, நுழைவாயில் பதிவின் நகல், ஜிபிஎஸ் பதிவு ஆகியவற்றைத் திரட்டித் தந்த இளைய உறுப்பினர்களுக்கு இந்த மன்றத்தின் முன் என் நன்றியைப் பதிவு செய்கிறேன். அந்தக் காகிதங்கள் இல்லாவிட்டால் மனுவுக்கு முதுகெலும்பே இருந்திருக்காது.

அந்தத் துயரத்துக்குப் பிறகே, நம் உறுப்பினர்கள் அதிகம் வேலை செய்யும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களைத் தலைவரும் நானும் நேரில் சந்தித்தோம். அவர்களில் பலர் மரியாதையாகவே பேசினார்கள். ஒருவர் மட்டும், ‘வண்டி நிற்கும்போது டிரைவருக்கு என்னங்க வேலை, தூங்கத்தானே செய்கிறார்?’ என்று கேட்டார். தலைவர் அவரிடம், ‘அண்ணே, ஒரு நாள் நீங்களே வந்து எங்கள் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். முன்வண்டி எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டே தூங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் எங்கள் கோரிக்கை மனுவை முழுவதும் படித்தார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

மனுவில் நாங்கள் கேட்டது புதிய சலுகை எதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. தொலைதூரப் பயணம் போன்றவற்றுக்குக்கூட நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி என்பதே மேல்வரம்பு. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொன்னது. அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் எந்தப் பெயரில் இருந்தாலும், ஸ்டியரிங் பிடித்த நேரத்தை மட்டும் எண்ணினால் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். வண்டி காத்து நின்றதற்காக நிறுவனங்கள் பல சமயங்களில் சரக்குக்காரரிடமிருந்து ஹால்டிங் கட்டணம் வசூலிக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, நின்ற ஓட்டுநரின் கைக்கு வர வேண்டும் என்பதும், நுழைவாயிலில் வண்டி வந்த நேரமும் வெளியேறிய நேரமும் பயணச் சீட்டில் எழுதப்பட வேண்டும் என்பதுமே நம் கோரிக்கை. சில நிறுவனங்கள் இரண்டாவதை ஏற்றுக்கொண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டன. ஹால்டிங் பங்கைப் பற்றி யாரும் இன்னும் எழுத்தில் தரவில்லை. இது முழு வெற்றி அன்று. ஆனால் நேரத்தை எழுதத் தொடங்கிவிட்டால் கூலியைக் கேட்பதற்கு வழி பிறக்கும் என்று நிர்வாகக் குழு கருதுகிறது.

காத்திருப்பில் போன நேரத்தைச் சாலையில் ஈடுகட்டச் சொல்வதுதான் இதில் பெரிய ஆபத்து. சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லுபடிக் காலம் தரப்படுகிறது. பில்லை முன்கூட்டியே போட்டுவிட்டு லோடு கட்டி முடிப்பதற்குத் தாமதமானால், அந்தத் தாமதம் ஓட்டுநரின் தூக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. காலாவதிக்கு முன் 8 மணி நேரத்துக்குள்ளோ பின் 8 மணி நேரத்துக்குள்ளோ காலத்தை நீட்டிக்க வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் இருப்பவர் கணினியில் செய்து தர வேண்டிய சிறு வேலை அது. கண் எரியும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அலுவலகத்துக்குப் போன் செய்து நீட்டிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

அதிக பாரம் பற்றியும் இந்த ஆண்டு நிறைய புகார்கள் வந்தன. 2018இல் அச்சுப் பாரத்தின், அதாவது சக்கர அச்சு ஒவ்வொன்றின் மேலும் அனுமதிக்கப்படும் எடையின், அளவை மத்திய அரசு உயர்த்தியது, ஆனால் அந்த வரம்பையும் தாண்டி ஏற்றச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் சேரும், இறக்கும் வரை வண்டி நகரவும் கூடாது. சட்டத்தின் வாசகம் ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் குறிக்கிறது. எனவே எடை மேடைச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டே புறப்பட வேண்டும் என்ற நடைமுறையை உறுப்பினர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அபராதத்தைச் சம்பளத்தில் பிடித்த ஒரு நிகழ்வில், அந்தப் படம் இருந்ததாலேயே நாம் பேசிப் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தர முடிந்தது.

கிளீனர் இல்லாமல் வண்டி அனுப்பும் வழக்கம் இப்போது ஏறத்தாழ எல்லா நிறுவனங்களிலும் வந்துவிட்டது. நம்மில் மூத்தவர்கள் எல்லோரும் கிளீனராக ஏறி, டயர் தட்டிப் பார்க்கவும், கட்டு கட்டவும், பின்னால் நின்று கைகாட்டவும் கற்று, பிறகே ஸ்டியரிங் பிடித்தவர்கள். இப்போது அத்தனை வேலையும் ஒரே மனிதரின் தலையில் விழுந்திருக்கிறது. இரவில் பஞ்சர் ஆனால் ஜாக்கி போடுவதும் அவரே, சாலையில் வருகிற வண்டிகளுக்கு டார்ச் காட்டுவதும் அவரே. கூட ஒருவர் இருந்தால் பேச்சுத் துணையாகவாவது இருப்பார், தூக்கம் தட்டும்போது தோளைத் தொடுவார். ஒருவரின் சம்பளத்தை மிச்சப்படுத்துவதாக நிறுவனங்கள் நினைக்கின்றன. அதோடு அடுத்த தலைமுறை ஓட்டுநர்கள் உருவாகும் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள் என்பதே என் கருத்து. இன்றைக்கு ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று அவர்களே நம்மிடம் வருத்தப்படுகிறார்கள். இரவு நேரத் தொலைதூர நடைகளுக்காவது இரண்டாவது ஆள் வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்மொழிய இருக்கிறோம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதன வசதி கட்டாயம் ஆகியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் நம் உறுப்பினர்கள் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. அவற்றில் மின்விசிறியும் கேபின் கூரைக்கு வெப்பத் தடுப்பும் பொருத்தித் தருமாறு கேட்டிருக்கிறோம். கண் பரிசோதனை முகாம் நல்ல முறையில் நடந்தது. கண்ணாடி தேவைப்பட்டவர்கள், வேலை போய்விடுமோ என்று பயந்து அதை மறைக்க வேண்டாம். கண்ணாடி அணிந்து ஓட்டுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றிய வகுப்புக்கு நல்ல கூட்டம் வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், அஜாக்கிரதையாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் ஓடிவிட்டால் என்று உள்ள 10 ஆண்டுச் சிறை பற்றிய அச்சத்தால் 2024 ஜனவரியில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். அதே ஆண்டு ஜூலை 1இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு எப்போதும் நம்மீது இருக்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை ஏற்படலாம் என்பதை அந்தப் பிரிவே ஒப்புக்கொள்கிறது. அப்படி நேர்ந்தால் நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள், ஊரைப் பார்த்துப் போகாதீர்கள்.

தைப்பூசத்தை ஒட்டி, குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகளும் பாதயாத்திரை பக்தர்களும் செல்லும் சாலையில், ஒளிரும் ஒட்டுப்பட்டைகள் வழங்கும் பணியை உறுப்பினர்கள் செய்தார்கள். இருளில் முதுகுப் பையில் ஒட்டிய ஒரு விரற்கடை அகலப் பட்டை, முகப்பு விளக்கில் தொலைவிலிருந்தே தெரிகிறது. வரும் ஆண்டு இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவைப் புதுப்பிக்காதவர்கள், ஆதார், உரிமம், குடும்ப அட்டை நகல்களோடு சங்க அலுவலகத்துக்கு வரவும். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு அந்தப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும்.

இறுதியாக, மன்றத்தின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். நுழைவு, வெளியேறும் நேரத்தை எல்லா நிறுவனங்களும் பயணச் சீட்டில் எழுத வேண்டும் என்றும் ஹால்டிங் கட்டணத்தில் ஓட்டுநருக்குப் பங்கு வேண்டும் என்றும் கோருவது ஒன்று. இரவு நேரத் தொலைதூர நடைகளுக்கு இரண்டாவது ஆள் கோருவது மற்றொன்று. மறைந்த உறுப்பினரின் வழக்கு முடியும் வரை அதன் செலவைச் சங்க நிதியிலிருந்தே ஏற்பது மூன்றாவது. மூன்றாவது தீர்மானத்தை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

தங்கள் பணியில்,
செயலாளர்