பலகையை அகற்றியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ திரைப்படத்தை மாணவியருக்குத் திரையிட்டுக் காட்ட வேண்டும் என்று பலரும் எழுதி வருகிறார்கள். நானும் அக்கருத்தை முழு மனத்துடன் வழிமொழிகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள நாசாவின் லாங்லி விமான, விண்வெளி ஆய்வு மையத்தில், பொறியாளர்களுக்காகக் கணக்குகளைப் போட்டுத் தரும் கணக்கீட்டாளர்களாகப் பணியாற்றிய கேத்தரின் ஜான்சன், டோரதி வாகன், மேரி ஜாக்சன் ஆகிய கறுப்பினப் பெண்களின் பெயர்களை, விண்வெளி வரலாற்றை விரும்பிப் படித்தவர்களில்கூடப் பலர் அறியாதிருந்தார்கள். அந்த நிலையை மாற்றியதில் 2016இல் வெளிவந்த இப்படத்துக்கும், அதற்கு அடிப்படையான மார்கோ லீ ஷெட்டர்லியின் நூலுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆயினும், பார்வையாளர்கள் கைதட்டி வரவேற்கும் ஒரு காட்சி குறித்து என் மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கறுப்பினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட கழிப்பறையைத் தேடி கேத்தரின் நாள்தோறும் வெகுதூரம் ஓட வேண்டியிருப்பதை அறிந்த வெள்ளையின மேலதிகாரி, அந்தக் கழிப்பறையின் பலகையை எல்லோர் முன்னிலையிலும் அடித்துப் பெயர்த்தெறிகிறார். அப்படி ஒரு நிகழ்ச்சி நடக்கவே இல்லை. அந்த மேலதிகாரியும் படத்துக்காகப் புனையப்பட்டவர். உண்மையில் கேத்தரின், இனத்தைக் குறிக்கும் பலகை எதுவும் இல்லாத, வெள்ளையினப் பெண்களுக்கான கழிப்பறையையே பயன்படுத்தினார். ஆட்சேபம் எழுந்த பின்பும் அவர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டு, வெள்ளையினப் பெண்களின் ஏளனச் சிரிப்புக்கு ஆளானவர் மேரி ஜாக்சன். அந்த அவமானத்தை அவர் மனம் பொறுக்காமல் கொட்டித் தீர்த்தபோது கேட்டுக்கொண்டிருந்த பொறியாளர் காசிமிர் சார்னெக்கி, ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றைச் செலுத்தி விமான மாதிரிகளைச் சோதிக்கும் தம் காற்றுச் சுரங்கத்தில் பணியாற்ற வருமாறு அவரை அழைத்தார்.

பலகையை அகற்றிய ஒருவர் லாங்லியில் உண்மையாகவே இருந்தார். அவர் பெயர் மிரியம் மான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உணவுக்கூடத்தில் கறுப்பினக் கணக்கீட்டாளர்களுக்கு ஒதுக்கிய மேசையின் மீது அவர்களது நிறத்தைக் குறிக்கும் அட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். மிரியம் அதை எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். புதிய அட்டை வந்தது; அதையும் எடுத்தார். வேலை போய்விடும் என்று கணவர் எச்சரித்தும் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் அட்டை வைப்பவர்கள்தாம் ஓய்ந்துபோனார்கள். படத்தில் இடம்பெற வேண்டிய காட்சி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதிகாரம் உள்ளவர் பலகையை உடைப்பதற்குத் துணிவு அதிகம் வேண்டியதில்லை. வேலையை இழக்கக்கூடிய ஒருவர் அதைச் செய்வதற்குத்தான் வேண்டும்.

இந்தக் கறுப்பினப் பெண்களுக்கு லாங்லியின் வாயில் திறந்ததும் எவருடைய பெருந்தன்மையாலும் அன்று. கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்த பின்னரே, பாதுகாப்புத் துறைத் தொழில்களில் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் ஆணையில் 1941இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். டோரதி வாகன் 1943இல் பணியில் சேர்ந்தார். 1949இலேயே தம் பிரிவின் தலைவராகிவிட்டார். படமோ, 1961இலும் அப்பதவிக்காக அவர் காத்திருப்பதாகக் காட்டுகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் முதன்மையாகக் கருதுவது ஆய்வறிக்கையில் இடம்பெறும் பெயரைத்தான். பெண்கள் இரவு பகலாகக் கணக்கிட்டுத் தந்தவை பொறியாளர்களின் பெயரில் வெளியாவதே அன்றைய நடைமுறை. திறமை இல்லாததால் அவர்கள் மறக்கப்படவில்லை. எழுதும்போதே அவர்கள் பெயர் விடப்பட்டது. ஆய்வுகள் விவாதிக்கப்படும் கூட்டங்களில் பெண்கள் பங்கேற்பதில்லை என்று சொன்னவர்களிடம், அதற்குச் சட்டம் ஏதும் உண்டா என்று கேட்டுக்கேட்டே கேத்தரின் உள்ளே சென்றார். செயற்கைக்கோள் ஒன்றைப் புவியின் குறிப்பிட்ட இடத்துக்கு மேலே கொண்டுவருவதற்கான கோணத்தைக் கணக்கிடும் அறிக்கையைப் பொறியாளர் டெட் ஸ்கோபின்ஸ்கியுடன் இணைந்து அவர் எழுதினார். வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் கேத்தரின் என்பதால் அவரே அதை முடிக்க வேண்டும் என்று ஸ்கோபின்ஸ்கி தம் மேலாளரிடம் வாதிட்டார். 1960இல் வெளியான அவ்வறிக்கையில்தான், கேத்தரின் பணியாற்றிய பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர் முதன்முறையாக ஆசிரியராக அச்சேறியது. 1962 பிப்ரவரியில் விண்வெளி வீரர் ஜான் க்ளென் புவியைச் சுற்றிவரப் புறப்படுவதற்கு முன், கணினி தந்த எண்களைக் கேத்தரின் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டது பலரும் அறிந்ததே. படத்தில் அது கடைசி நிமிடங்களின் பரபரப்பாக வருகிறது. உண்மையிலோ, மேசைக் கணக்கீட்டு இயந்திரத்தைக் கொண்டு ஒன்றரை நாள் பொறுமையாகச் செய்த வேலை அது.

சார்னெக்கியும் ஸ்கோபின்ஸ்கியும் செய்த உதவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உண்மையான நண்பர்கள் இருக்கும்போது கற்பனை மேலதிகாரி ஒருவருக்கு ஏன் அந்தப் பெருமை என்பதே என் வினா. படத்தைத் திரையிடும் ஆசிரியர்கள், அது முடிந்ததும் மிரியம் மானைப் பற்றி மாணவியருக்குச் சில நிமிடங்கள் சொல்ல வேண்டுகிறேன். 1960ஆம் ஆண்டு அறிக்கை நாசாவின் இணைய ஆவணக் காப்பகத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது; உயர்நிலைக் கணிதம் பயிலும் மாணவியர் அதன் சமன்பாடுகளில் ஒன்றிரண்டையேனும் தாமே போட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்