எவர்சில்வரை நம்பித் தொங்கும் கூரை

மன்றத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறு காலை உள்ளரங்க நீச்சல்குளத்தில் விளக்கு விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். சிறுவர் வகுப்பு முடிந்து பத்து நிமிடம் கழித்து விழுந்ததால், உங்கள் சுற்றறிக்கையில் அதற்குச் 'சிறு பழுது' என்று பெயர். பத்து நிமிடம் முன்னால் விழுந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த வகுப்பில் என் பேத்தியும் இருந்தாள்.

விளக்கைத் தாங்கிய எவர்சில்வர் கம்பியின் துண்டைக் காவலாளியிடம் கேட்டு வாங்கிவந்தேன். 31 ஆண்டுகள் ஆலைகளில் குழாய்களையும் கொதிகலன்களையும் சோதித்தே தலை நரைத்தவன், பழக்கம் விடவில்லை. கம்பியில் முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. ஓரிடத்தில் மட்டும் டீக்கறை போலப் பழுப்பு. முறிந்த இடம் இழுபட்டு மெலியவில்லை, வளையவுமில்லை. சாக்பீஸ் போலப் பட்டென்று போயிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதன் பக்கத்திலேயே இன்னும் நாலைந்து மயிரிழை விரிசல்கள், வேப்பங்கிளை போலப் பிரிந்து பிரிந்து ஓடுகின்றன.

"எவர்சில்வர் துருப்பிடிக்காது சார்" என்றார் செயலாளர். அடுக்களையில் பிடிக்காதுதான். ஆனால் பாரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டேயிருக்க, குளோரினிலிருந்து வரும் குளோரைடு உப்பு இன்னொரு பக்கம் அரித்தால், தனியாக வந்திருந்தால் பல வருடம் தாங்கக்கூடிய இரண்டும் கூட்டுச் சேர்ந்து கம்பியைப் பிளந்துவிடும். குளத்தில் போடும் குளோரின், நீந்துபவர்களின் வியர்வையோடும் (சொல்லக் கூசினாலும்) சிறுநீரோடும் கலந்து குளோரமீன் என்ற ஆவியாகி மேலே எழுந்து கூரைக் கம்பியில் அந்தக் குளோரைடாகப் படிகிறது. காய்கிறது, மறுபடி படிகிறது. வாராவாரம் நீங்கள் தேய்க்கும் ஏணிக்கு ஆபத்து குறைவு. அதைக் குளத்துத் தண்ணீரே கழுவிவிடுகிறது. கூரையைக் கழுவ யாரும் இல்லை.

சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985 மே 9 அன்று, கட்டி 13 ஆண்டே ஆன நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இப்படித்தான் கம்பிகள் அறுந்து விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். 2011இல் நெதர்லாந்தின் டில்பர்க்கில் கூரையிலிருந்து ஒலிபெருக்கி விழுந்து ஒரு கைக்குழந்தை போயிற்று. கழுவ வழியில்லாத கூரைத் தாங்கிகளுக்கு 304, 316 என்ற வழக்கமான எவர்சில்வர் ரகங்கள் ஆகாது என்பது ஐரோப்பாவில் இன்று விதி. நம்முடையது 304. பில்லில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று: கூரையிலுள்ள ஒவ்வொரு கம்பியையும் இறக்கிச் சோதியுங்கள், அதுவரை குளத்தை மூடிவையுங்கள்.

நீங்கள் செய்தது என்ன? செவ்வாயன்று இரண்டு பேரைச் சாரத்தில் ஏற்றி, மற்ற கம்பிகளின் கறையைப் பாலிஷ் போட்டுத் துடைத்தீர்கள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே எச்சரிக்கை அந்தக் கறைதான், அதுவும் போயிற்று. இந்தக் கூட்டு வேலை புதிதுமல்ல. வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921லேயே விளக்கிவிட்டார்கள். நாம் இன்னும் பாலிஷ் துணியில் நிற்கிறோம்.

புதன்கிழமை வகுப்பு வழக்கம்போல நடந்தது. படிகளில் உட்கார்ந்திருந்த தாய்மார் ஒருவரும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுழைவாயிலுக்குக் கிரானைட் பதிக்கப் பணம் இருக்கிறது, ஆண்டுவிழா மேடைக்கு இருக்கிறது, சந்தாவை உயர்த்தும் தீர்மானமோ ஐந்து நிமிடத்தில் நிறைவேறுகிறது. கம்பியை இறக்க மட்டும் 'அடுத்த பொதுக்குழு வரை' பொறுக்க வேண்டுமாம்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். பணிவாகவே மறுபடி கேட்கிறேன்: கம்பிகளை இறக்குங்கள், அதுவரை குளத்தை மூடுங்கள். முறிந்த துண்டு என் மேசை மேல் இருக்கிறது. குழுவில் யார் வேண்டுமானாலும் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பார்க்கலாம். லென்ஸ் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
மன்றத்தின் மூத்த உறுப்பினன்